ஒரே அப்பன்கிட்ட அடி வாங்குன ரெண்டு பேரு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல பைக் திருடி மாட்டுன மூணு பசங்கள பத்தி நியூஸ் போட்டிருந்தீங்க, அதுல ஒருத்தன 'பிறவித் திருடன்'னு எழுதியிருந்தீங்க, அந்த பையனுக்கு வயசு 20ன்னும் நீங்களே போட்டிருந்தீங்க. காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு கிட்ட டீக்கடைல தான் படிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்தவரு சத்தமா படிச்சு முடிச்சுட்டு இவனுங்கள எல்லாம் கைய வெட்டணும்ங்கன்னாரு, டீ மாஸ்டரு ஆமாங்கன்னாரு, நானும் தலைய ஆட்டிட்டு கிளாஸ வச்சுட்டு வந்துட்டேன். ஏன்னா என் தம்பியும் ஜெயிலுக்குள்ள தான் இருக்கான், மூணாவது தடவ. அங்க பேச வேண்டியத பேச வாய் வரல, அதான் இங்க எழுதறேன். நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா கடைசில ஒரு பால்காரர் சொன்னத மட்டும் வெட்டிடாதீங்க.

நான் மோட்டார் காயில் கட்டுறவன். கிணத்து மோட்டார், போர் மோட்டார், மிக்சி வரைக்கும் எது எரிஞ்சாலும் நம்மகிட்ட தான் வரும். வயசு 33, தம்பிக்கு 27. எங்கப்பா கிரானைட் குவாரில வேல செஞ்சாரு, குடிச்சாரு, ஈரல் போய் செத்தாரு, இப்ப அவர திட்டி ஒன்னும் ஆகப்போறது இல்ல. அவரு முதுகுலயே கவுறு தழும்பு இருக்கும், எங்க தாத்தா போட்டது, சின்ன வயசுல அதுல விரல் வச்சு விளையாடியிருக்கேன், என்னான்னு தெரியாம.

குடிச்சிட்டு அடிப்பாருன்னு ஒரு வரில சொன்னா எல்லா வீட்லயும் நடக்கறது தானேன்னு நீங்க அடுத்த வரிக்கு போயிடுவீங்க. அதனால ஒரே ஒரு நாள் சொல்றேன். தம்பிக்கு அப்ப 7 வயசு, எனக்கு 13. ஆட்டுக்குட்டி ஒன்னு அடுத்தவங்க கேழ்வரகு காட்டுல பூந்துடுச்சு, அந்த காட்டுக்காரர் வந்து ஊர் நடுவுல எங்கப்பாவ நாலு வார்த்தை கேட்டுட்டாரு. சாயங்காலம் சைக்கிள் டியூப கத்தியால நீளமா அறுத்து, தம்பிய வீட்டுக்கு பின்னாடி இருக்கற புளியமரத்துல கட்டிட்டாரு, அதுக்கப்புறம் தான் அடி. எங்கம்மா தடுக்க போச்சு, அதுக்கும் விழுந்துச்சு. மரத்தடில செவ்வெறும்பு புத்து, பையன் டவுசர்லயே ஒன்னுக்கு போயிட்டான், அந்த ஈரத்துல எறும்பு ஏறுது. ராத்திரி அவரு தூங்குன பிறகு சொம்புல தண்ணி எடுத்துட்டு போனேன், கட்டு அவுக்கலாம்னு கைய வச்சா அவன் சொல்றான், ணா நீ போயிடு, உன்னையும் கட்டிடுவாரு. அழுகவே இல்லிங்க. 7 வயசு பையன். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவன் எதுக்குமே அழுது நான் பாத்ததில்ல, எங்கப்பா செத்த அன்னைக்கு கூட. இன்னைக்கும் பக்கத்துல யாராவது தலைய கோதறதுக்கு கைய தூக்குனா தோள ஒடுக்கிட்டு ஒரு அடி தள்ளி நிப்பான், 27 வயசு ஆம்பள.

மறுநாள் ஸ்கூல்ல கால் தழும்ப பாத்து டீச்சர் கேட்டாங்களாம், எங்கடா விழுந்தன்னு. மரத்துல இருந்துன்னு சொல்லியிருக்கான். மரத்துலன்னு சொன்னது நிஜம் தான. அதோட விட்டுட்டாங்க. அப்ப அடி வாங்கற புள்ளைங்களுக்கு உதவி கேட்டு போன் பண்ண 1098ன்னு ஒரு நம்பர் இருந்ததே எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது, இப்ப சுவத்துல எல்லாம் எழுதியிருக்கு, எழுதியிருக்கறத பாத்துட்டு யாரு போன் பண்றாங்கன்னு கேட்டா அது வேற கதை.

அடுத்த வருசம் எங்கம்மா மேஸ்திரி கூட போன கூட்டத்தோட பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிடுச்சு. தப்பு சொல்ல மாட்டேன், அதுவும் உசுரோட இருக்கணும்ல. நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் எத்தனை வீட்ல பாத்திருப்பீங்க, பெத்தவங்க பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, புள்ளைங்க ஊர்ல ஆயாகிட்ட, மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும் வீட்டுல அடுப்பு ரெண்டு வேளை எரியும். எங்க ஆயாவுக்கு கண்ணு சரியா தெரியாது. கேழ்வரகு களி கிண்டி வச்சுட்டு உக்காந்துக்கும், யாரு சாப்டாங்க யாரு சாப்டலன்னு அதுக்கு எப்படி தெரியும்.

15 வயசுல நான் மோட்டார் காயில் கட்டுற ஒரு பாயோட கடைக்கு வேலைக்கு போயிட்டேன். படிப்ப விட்டது தப்பு தான், இன்னைக்கு இருந்தா யாராவது கம்ப்ளைண்ட் குடுத்திருப்பாங்க. ஆனா நடந்தது இது தான். பாய் ஒரு பெரிய வேதாந்தி எல்லாம் இல்ல, திட்டுனா காது கூசும். ஆனா காலைல போன உடனே சாப்டியாடான்னு கேப்பாரு, இல்லன்னு சொன்னா முதல்ல போய் சாப்ட்டு வான்னு துட்டு குடுப்பாரு. நான் ஒரு 5 ஹெச்பி மோட்டார் காயில் தப்பா கட்டி எரிச்சப்போ, அடிக்க போறாருன்னு கண்ண மூடிக்கிட்டு நின்னேன். அவரு எரிஞ்ச காயில கைல எடுத்து மோந்து பாத்துட்டு, வா, எதனால எரிஞ்சுதுன்னு பாப்போம், லோ வோல்டேஜா, பேரிங் டைட்டா, தண்ணி இறங்குச்சா, அத பாக்காம புதுசா கட்டுனா பதினஞ்சு நாள்ல திரும்ப இங்கயே வந்து நிக்கும்டான்னாரு. என் வாழ்க்கைல ஒரு தப்புக்கு அடி விழாம கேள்வி விழுந்தது அது தான் முதல் தடவ. கடைலயே படுத்துக்க சொன்னாரு, அப்படியே வீட்டுப் பக்கம் போறத குறைச்சுட்டேன். உண்மைய சொல்றேன், அன்னைக்கு நான் தப்பிச்சேன், 9 வயசு தம்பிய அங்கயே விட்டுட்டு தப்பிச்சேன். இத எழுதறப்போ கை ஓடல.

அவனுக்கு அந்த வயசுல பாய் மாதிரி ஆளு வாய்க்கல, எட்டாவதோட ஸ்கூலுக்கு முழுக்கு போட்டுட்டு ஏரிக்கரை செட்டுல சேர்ந்தான். ஆறு பேரு, மூத்தவனுக்கு 22 இருக்கும். மாங்காய் சீசன்ல கூழ் பேக்டரிக்கு லோடு ஏத்த போவாங்க, மத்த நாள்ல கரைல உக்காந்து போன் பாத்துட்டு இருப்பாங்க. அந்த மூத்தவன் தான் முதல் முதல்ல என் தம்பி தோள்ல கைய போட்டு இவன் நம்ம பையன்டான்னு சொன்னவன். தை மாசம் எருது விடும் விழாவுக்கு ஆறு பேரும் ஒரே கலர்ல டீசர்ட் அடிச்சாங்க, முதுகுல செட்டு பேரு. அத துவைக்க கூட ஆயாகிட்ட குடுக்க மாட்டான், அவனே சோப்பு போட்டு நிழல்ல காய வப்பான். ஊரே அந்த டீசர்ட்ட பாத்து ரவுடி செட்டுன்னு சொல்லுச்சு. அவனுக்கு அது தான் ரேஷன் கார்டு மாதிரி, அதுல தான் அவன் பேரு இருந்துச்சு.

சேர்க்கை சரியில்லைன்னு நாம சாதாரணமா சொல்றோம்ல, அத அமெரிக்காவுல ஆராய்ச்சியா பண்ணியிருக்காங்க. 2005ல கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு பேரு. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற கேம், சிக்னல்ல மஞ்ச லைட்டு விழுந்தா நிறுத்தணும், நிறுத்தாம போனா பாயிண்ட் கூட கிடைக்கும், இடிச்சா போச்சு. தனியா விளையாட விட்டு பாத்தாங்க, கூட ரெண்டு பிரெண்ட உக்கார வச்சும் பாத்தாங்க. 13ல இருந்து 16 வயசு பசங்க பிரெண்டு கூட இருந்தா ரிஸ்க் எடுக்கறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு, காலேஜ் வயசு பசங்களுக்கும் ஏறுச்சு, 24 தாண்டுனவங்களுக்கு பெருசா மாத்தமே இல்ல. அதுல பிரெண்டு வாய தொறந்து யோசனையும் சொல்லலாம், ஆனா பின்னாடி வந்த ஆராய்ச்சில பிரெண்டு சும்மா பாத்தாலே போதும்னு தெரிஞ்சுதுங்க. ஏரிக்கரைல தனியா விட்டிருந்தா என் தம்பி முதல் கேஸ்ல மாட்டுன அந்த பைக்க தொட்டிருக்க மாட்டான்னு நான் சொன்னா அண்ணன்காரன் சப்போட்டு பண்றான்னு தான் சொல்வீங்க, சொல்லுங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி நடந்தது அது தான், மூணு பேரு, அதுல மூத்தவன் சொல்றான் உன்னால முடியாதுடா நீ சின்ன பையன்னு.

19 வயசு. விடிகாலைல பால் ஊத்த வந்தவரோட ஸ்ப்ளெண்டர், கேன் எல்லாம் தொங்குது, அவரு ஒரு வீட்டு வாசல்ல அளந்துட்டு இருக்காரு. கேன கழட்டி ரோட்டுல உருட்டிட்டு வண்டிய எடுத்துட்டு போயிட்டாங்க. ஓசூர்ல மாட்டுனாங்க. மத்த ரெண்டு பேருக்கும் அப்பன் இருந்தான், வக்கீல் வந்தாரு, பத்து நாள்ல வெளிய. என் தம்பிக்கும் அதே பெயில் தான் கிடைச்சுது, ஆனா சூரிட்டிக்கு, அதான் இவன் ஓடிட மாட்டான்னு பொறுப்பு கையெழுத்து போட, வீட்டு வரி ரசீது வச்ச ரெண்டு பேரு வேணும்னாங்க. சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி இறங்குனேன், எல்லாரும் டீ குடுத்தாங்க, ரசீது யாரும் குடுக்கல. பெயில் கைல இருந்தும் 74 நாள் உள்ள இருந்தான். கடைசில பாய் தான் ரசீத எடுத்துட்டு வந்தாரு, இன்னொன்னு அவரு மச்சான். இப்ப சுப்ரீம் கோர்ட்டு 2023ல சொல்லிடுச்சு, பெயில் கிடைச்சு ஏழு நாள்ல வெளிய வரலன்னா ஜெயில் அதிகாரி, இலவசமா சட்ட உதவி குடுக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு தகவல் குடுக்கணும்னு. எங்களுக்கு அப்ப அது இல்ல.

அந்த 74 நாள் தாங்க விஷயமே.

முதல் தடவ மனு பாக்க போனேன். மனுன்னா தெரியும்ல, கைதிய பாக்க எழுதி குடுத்துட்டு காத்து கிடக்கறது, எந்த ஊர் ஜெயிலுன்னு வேணாம், எல்லா இடத்துலயும் அதே கதை தான். கம்பி வலைக்கு அந்த பக்கம் பத்து பேரு இந்த பக்கம் முப்பது பேரு, எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க, குழந்தைய தூக்கி காட்டறாங்க, யாரு பேசறது யாருக்கும் கேக்காது. தம்பி பயந்து போய் நின்னான், சோப்பு இல்லணா, உள்ள ஒரே சண்டைணான்னான். ரெண்டாவது தடவ போனேன், மூஞ்சி தெளிவா இருந்துச்சு. எனக்கு சந்தோசம். என்னடான்னு கேட்டா, ணா, உள்ள ஒரு அண்ணன் நம்மள பாத்துக்கறாருணா, அவரு பக்கத்துலயே படுக்க சொல்லிட்டாரு, ஒருத்தனும் கிட்ட வர மாட்டான், வெளிய போனா அவரு வக்கீலையே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாருன்றான். அந்த அண்ணன் யாருன்னு நான் அப்புறம் விசாரிச்சேன். வயித்துல புளிய கரைச்சுது. சோப்பு, பீடி, படுக்க இடம், ஒரு வக்கீல், தோள்ல ஒரு கை. நான் குடுத்திருக்க வேண்டியத எல்லாம் அந்த ஆளு குடுத்துட்டான், சும்மா குடுப்பானா.

உள்ள போகும்போது என் தம்பிக்கு சைடு லாக்கு உடைக்க மட்டும் தெரியும், அதுவும் பாதி தான். வெளிய வரும்போது வண்டி எந்த ஊர்ல யாருகிட்ட போகும், என்ஜின் நம்பர எப்படி அடிப்பாங்க, போலீசு எந்த கேள்விய எப்படி கேக்கும், எல்லாம் தெரியும். நாம மக்கள் வரிப்பணத்துல அவன ஒரு ஐடிஐல சேர்த்து விட்ட மாதிரி ஆச்சு. ரெண்டாவது கேஸ் அந்த அண்ணனோட ஆளுங்க கூட தான். மூணாவதும்.

கெட்ட பசங்கள ஒன்னா சேர்த்து வச்சு நல்லது சொன்னா திருந்திடுவாங்கன்னு ஒரு நினைப்பு நமக்கு. இதுக்கும் ஒரு கதை இருக்கு. பாஸ்டன் பக்கத்துல கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர்ல 1939ல ஆரம்பிச்சு 500க்கு மேல பசங்கள ரெண்டா பிரிச்சாங்க, ஒரு பாதிக்கு வருசக்கணக்கா ஆலோசனை, படிப்பு உதவி, சம்மர் கேம்ப் எல்லாம், இன்னொரு பாதிய அப்படியே விட்டுட்டாங்க. 30 வருசம் கழிச்சு ஜோன் மெக்கார்டுன்னு ஒரு அம்மா அவங்கள எல்லாம் தேடி புடிச்சு பாத்தா, உதவி வாங்குனவங்க நிலைமை தான் மோசமா இருந்துச்சு. ஏன்னு ரொம்ப வருசம் புரியல. அப்புறம் தோண்டி பாத்தா அந்த சம்மர் கேம்ப்புக்கு ஒரு தடவைக்கு மேல போன பசங்க தான் ரொம்ப கெட்டுப் போயிருக்காங்க. ஒருத்தன் பண்ண வீரதீரத்த சொல்ல, நாலு பேரு சிரிக்க, அந்த சிரிப்புக்காக அடுத்தவன் ஒன்னு சொல்ல, இப்படியே போயிருக்கும்னு சொல்றாங்க. கேம்ப்புக்கே இந்த கதின்னா, ராத்திரி பூரா ஒரே ஹால்ல பூட்டி வச்சா என்ன ஆகும் சொல்லுங்க.

ஒரு காயில் கட்டுறவனுக்கு இதெல்லாம் எப்படி தெரியும்னு கேப்பீங்க. தம்பி கேஸுக்கு கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சதுல, சட்டப் பணிகள் ஆணைக்குழுல நானே தன்னார்வலரா சேர்ந்துட்டேன், கடை லீவு விடுற அன்னைக்கு போவேன். அங்க ஒரு பயிற்சிக்கு மனநல டாக்டர் ஒருத்தர் வந்தாரு. பத்து கேள்வி இருக்கற ஒரு லிஸ்ட்ட குடுத்தாரு. 18 வயசுக்குள்ள வீட்ல அடிச்சாங்களா, கேவலமா பேசுனாங்களா, அம்மாவ அடிச்சாங்களா, வீட்ல குடிகாரர் இருந்தாங்களா, பெத்தவங்க பிரிஞ்சாங்களா, இப்படி. அமெரிக்காவுல ஃபெலிட்டி, ஆண்டான்னு ரெண்டு டாக்டருங்க 17 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்ககிட்ட பண்ணி 1998ல வெளியிட ஆரம்பிச்ச ஆராய்ச்சில இருந்து வந்த லிஸ்ட்டாம், நம்பர் ஏற ஏற பெரியவங்களான பிறகு குடி, மனசு நோவு, உடம்பு வியாதி எல்லாம் கூடவே ஏறுதாம். எல்லாரும் சும்மா டிக் அடிங்கன்னாரு. எனக்கு 6 வந்துச்சு. பேப்பர திருப்பி பின்னாடி தம்பிக்கு போட்டு பாத்தேன், அதுவும் 6.

அங்க தான் எனக்கு பொறி தட்டுச்சு. நம்பர் ஒன்னு தான், ஒருத்தன் கடை வச்சிருக்கான், ஒருத்தன் உள்ள இருக்கான். டாக்டர்கிட்ட கேட்டேன், அப்ப அடி வாங்குனவன் எல்லாம் திருடனா ஆவான்னு சொல்றீங்களான்னு. இல்லன்னாரு. கேத்தி விடோம்னு ஒரு அம்மா 1989ல போட்ட கணக்க சொன்னாரு, சின்ன வயசுல அடி, புறக்கணிப்புன்னு கோர்ட்டு வரைக்கும் போன 908 பசங்க, அதே மாதிரி ஊரு, வயசு, அந்த கஷ்டம் இல்லாத 667 பசங்க. 18க்குள்ள அரெஸ்ட் ஆனது அடி வாங்குனவங்கள்ல 26 சதவீதம், மத்தவங்கள்ல 17. கூட தான், இல்லன்னு சொல்லல. ஆனா நூத்துல 74 பேரு அந்த வயசு வரைக்கும் அரெஸ்ட் ஆகல பாருங்க. நான் அந்த 74ல ஒருத்தன். எனக்கு ரத்தம் வேற இல்ல, புத்தி வேற இல்ல, எனக்கு முன்னாடி பாய் வந்தாரு, அவனுக்கு முன்னாடி அந்த ஏரிக்கரை அண்ணனும் ஜெயில் அண்ணனும் வந்தாங்க. அதனால தான் உங்க 'பிறவித் திருடன்' எனக்கு சுருக்குன்னு குத்துச்சு.

இன்னொரு வார்த்தை இருக்கு, ஆளுமைக் கோளாறு. தம்பிய ரெண்டாவது தடவ உள்ள வச்சப்போ ஒருத்தர் வந்து கால் மணி நேரம் பேசிட்டு பைல்ல அப்படி எழுதிட்டு போனாரு, சமூக விரோத ஆளுமைன்னு. அப்படி ஒரு நோய் இல்லன்னு நான் சொல்ல வரல. ஜெயில்ல அது நிறையவே இருக்கு, 2002ல ஃபேசல், டேனஷ்னு ரெண்டு டாக்டருங்க 12 மேலை நாட்டு ஜெயில்கள்ல எடுத்த 62 சர்வேய ஒன்னா சேர்த்து பாத்தாங்க, மொத்தம் 23 ஆயிரம் கைதிங்க கிட்ட. ஆம்பள கைதிங்கள்ல 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஆளுமைக் கோளாறு, 47 சதவீதம் பேருக்கு இந்த சமூக விரோத வகை. நானே கண்ணால பாத்திருக்கேன், அடுத்தவன் வலி மனசுல ஏறாத ஆளுங்க, பொய்ய மூச்சு விடுற மாதிரி சொல்றவங்க, அவங்கள பாத்து எனக்கே குலை நடுங்கியிருக்கு. ஆனா டாக்டருங்க புத்தகத்துலயே அந்த பேர 18 வயசு ஆகாம வைக்க கூடாது, 15 வயசுக்கு முன்னாடியே நடத்தை கெட்டதுக்கு அடையாளம் இருக்கணும்னு இருக்கு. அப்ப கால் மணி நேரத்துல எழுதுனவரு 15 வயசுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாருகிட்ட கேட்டாரு? என்கிட்ட கேக்கல. எங்க ஆயா செத்து போச்சு. அந்த புளியமரத்த கேட்டாரா?

கைய தூக்குனா ஒதுங்கறவன், யாரையும் நம்பாதவன், ஒரு வார்த்தைக்கு முன்னாடி கை நீளறவன், இதெல்லாம் வெளில இருந்து பாத்தா திமிரு மாதிரி தான் இருக்கும். எங்கப்பா இருந்த வீட்ல அது தான் உசுர காப்பாத்துற வழி, வாசல்ல செருப்பு சத்தம் கேட்ட உடனே இன்னைக்கு எவ்ளோ குடிச்சிருக்காருன்னு கண்டுபுடிக்கணும், இல்லன்னா மாட்டுவ. அந்த பழக்கம் வீட்ட விட்டு வந்தும் போகல. அப்புறம் ஜெயில்ல மனநல ஆலோசனை சொல்ல வந்த ஒரு கவுன்சிலர் அம்மா, சின்ன பொண்ணு தான், அது மட்டும் தம்பிகிட்ட கேட்டுச்சாம், 7 வயசுல உனக்கு என்ன ஆச்சுன்னு. மனுல என்கிட்ட சொன்னான், ணா, அந்த மேடம் கேட்டாங்கணா, நான் எறும்ப பத்தி சொன்னேன்னு. மூணு வாரம் பேசுனான். நாலாவது வாரம் அந்த பொண்ணு வேற வேலைக்கு போயிடுச்சு, புதுசா வந்தவரு திரும்ப பேரு ஊருல இருந்து ஆரம்பிச்சாரு, இவன் வாய மூடிக்கிட்டான். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல ஒவ்வொரு மாநிலத்துலயும் குறைஞ்சது ஒரு ஜெயில் ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கணும்னு இருக்கு. குறைஞ்சது ஒன்னு, ஒரு மாநிலத்துக்கு.

சட்டத்துல வழி இல்லாம இல்லிங்க. 17 வயசு 11 மாசத்துல தப்பு பண்ணா சிறார் நீதி வாரியம், ஒரு மாஜிஸ்ட்ரேட், ரெண்டு சமூக சேவகர், நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிச்சு ரிப்போர்ட் எழுதணும், அந்த பாரத்துலயே காரணம்னு ஒரு இடம் இருக்கு, பெத்தவங்க கவனிக்கலயா, கூட்டாளிங்க தூண்டுனாங்களான்னு டிக் அடிக்கணும். அதுலயும் அந்த பசங்கள வைக்கற கூர்நோக்கு இல்லம் எல்லாம் சொர்க்கம் இல்ல, 2022 டிசம்பர்ல செங்கல்பட்டுல ஒரு பையன் செத்த பிறகு நீதியரசர் சந்துரு குழு போட்டு 2023ல அறிக்கை வாங்கி வச்சிருக்காங்க. ஆனா கேக்கறதுக்கு ஒரு பாரமாவது இருக்கு. 18 முடிஞ்ச மறுநாள் ஒன்னும் இல்ல, அப்படின்னு தான் நானும் நினைச்சேன். பயிற்சிக்கு போன பிறகு தான் தெரியும், 1958ல போட்ட நன்னடத்தை சட்டத்துல 6வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, 21 வயசுக்கு கீழ இருக்கறவன ஆயுள் தண்டனை அளவுக்கு போகாத கேஸ்ல ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நன்னடத்தை அலுவலர் ரிப்போர்ட்ட வாங்கி பாக்கணும், அனுப்புனா ஏன் அனுப்பறேன்னு காரணம் எழுதணும். அதுக்கும் முன்னாடி 1925லயே மெட்ராஸ் மாகாணத்துல பார்ஸ்டல் பள்ளி சட்டம், 21 வயசுக்குள்ள இருக்கறவங்கள தனியா வச்சு தொழில் கத்துக்குடுக்க. நூறு வருசத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு இவனுங்கள பெரிய ஆளுங்க கூட போடக்கூடாதுன்னு.

ஆனா இதெல்லாம் தண்டனை வந்த பிறகு பேசற பேச்சு. என் தம்பி கெட்டது ரிமாண்ட்ல. 2022 கணக்குப்படி நம்ம நாட்டு ஜெயில்கள்ல இருந்த 5 லட்சத்து 73 ஆயிரம் பேர்ல நாலுல மூணு பேரு விசாரணைக் கைதிங்க, கேஸ் இன்னும் முடியாதவங்க. அதனால நான் கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல. முதல் தடவ வர்ற 18ல இருந்து 21 வயசு பையன அந்த அண்ணனுங்க படுக்கற ஹால்ல போடாதீங்க, ரிமாண்டா இருந்தாலும். சூரிட்டி இல்லாம கிடக்கறவன எண்ணி பாருங்க. கவுன்சிலர் யாரு வந்தாலும் ஒரே ஆளா ஒரு வருசம் வரட்டும், திறமை கம்மியா இருந்தா கூட பரவால்ல, ஆளு மாறாம இருந்தா போதும். துறைக்கு பேரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைன்னு வச்சிருக்காங்க, அந்த ரெண்டாவது பாதி பேருக்காவது செலவு பண்ணலாம். அப்புறம் ஊர்ல பெத்தவங்க யாராவது இத படிச்சா, புள்ளைய அடிச்சிட்டு ராத்திரி மனசு கேக்கலன்னா சர்க்காரோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

இப்ப பால்காரர். முதல் கேஸ் அப்பவே ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு அவரு வீட்டுக்கு மன்னிப்பு கேக்க போனேன். மாட்டுக்கு தீவனம் கலக்கிட்டு இருந்தாரு. எங்கப்பா, குடி, அடி எல்லாம் சொல்லி அழுதுட்டேன். பொறுமையா கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, தம்பி, அன்னைக்கு கேன் ரோட்ல உருண்டு 40 லிட்டர் பால் மண்ணுல போச்சு, வண்டி வர வரைக்கும் ஒரு மாசம் நடந்தே ஊத்துனேன், பாதி வீடு கை மாறிடுச்சு, உங்கப்பன் உன் தம்பிய அடிச்சான்னா அதுக்கு என் பால் என்னப்பா பண்ணும்? என்கிட்ட பதில் இல்ல. இத்தனை படிச்சும் இன்னும் இல்ல. ஆப்பிள வாங்கிக்கல. போன கோடைல அவரு போர் மோட்டார் எரிஞ்சு என் கடைக்கு தான் கொண்டு வந்தாரு, நான் கூலி வேணாங்கன்னேன், மொத்த காசையும் எண்ணி டேபிள் மேல வச்சுட்டு தம்பிய பத்தி ஒரு வார்த்தை கேக்காம போயிட்டாரு.

தை மாசம் தம்பி வெளிய வரான். கடைலயே வச்சுக்கலாம்னு இருக்கேன், பாய் என்னை வச்சுக்கிட்ட மாதிரி. பாய் இப்ப இல்ல. என் வீட்டுக்காரி மறுக்கல, வந்து இருக்கட்டும்ங்க, ஆனா செம்பு கம்பிய எல்லாம் எடை போட்டு வச்சுக்கோங்கன்னு மட்டும் சொல்லுச்சு. எனக்கு கோவம் வந்துச்சு, கத்திட்டேன். ஆனா நேத்து ராத்திரி ஷட்டர இறக்கிட்டு தராசுல வச்சு பாத்தேன். 38 கிலோ 400. ஒரு துண்டு பேப்பர்ல எழுதுனேன், அப்புறம் கிழிச்சு போட்டுட்டேன். நம்பர் மட்டும் போக மாட்டேங்குது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுறவன்,
காவேரிப்பட்டணம் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம்
(பேரு போட வேணாங்க, எனக்காக இல்ல, அவன் வெளிய வந்து டீக்கடைல உக்காரணும்ல)